மேல் வீட்டுச் சுவரில் ஈரம்

மேல் வீட்டுக் குளியலறைச் சுவரை உடைத்த அன்று, அந்த வீடு காலியாகிப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. குளிப்பதற்கு அங்கே யாருமில்லை. இருந்தும் ஈரம் வளர்ந்துகொண்டிருந்தது. அதனால்தான் உடைத்தோம். குடியிருந்தவர்கள் இருக்கும்போதே உடைத்திருந்தால் அவர்கள் போயிருக்க வேண்டியதில்லை. இதை இப்போது ஒரே வரியில் எழுத முடிகிறது.

நான் ஓசூரில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகளாக இருக்கிறேன். சொந்த ஊர் கெலமங்கலத்தை அடுத்த ஒரு கிராமம். நிலம் வைத்திருந்த குடும்பம். பாகலூர் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் வீடு கட்டிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. கீழே நானும் மனைவியும் இருக்கிறோம், மேல்தளம் வாடகைக்கு. தினமும் நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உண்டு. மோட்டார் போட்ட நேரம், சிலிண்டர் மாற்றிய நாள், தொட்டி கழுவிய நாள் எல்லாம் அதில் இருக்கும். எந்தத் தகவலைக் கேட்டாலும் ஐந்து நிமிடத்தில் எடுத்துத் தருவேன் என்பதில் எனக்குப் பெருமை இருந்தது.

மேலே குடியிருந்தவர்கள் மூன்று பேர். கணவர் சிப்காட்டில் ஒரு வார்ப்படக் கம்பெனியில் உலையடியில் வேலை செய்தார். மனைவி செல்போன் பாகங்கள் பூட்டும் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. மகள் அரசு பெண்கள் பள்ளியில் பிளஸ் டூ. பள்ளி பதினைந்து நிமிட நடை. அந்தப் பள்ளிக்காகத்தான் அவர்கள் எங்கள் தெருவைத் தேடி வந்தார்கள். ஊர் சாமல்பட்டிப் பக்கம். கணவன் மனைவி இருவரின் பெற்றோரும் அடுத்தவர் காட்டில் கூலி வேலை செய்தவர்கள் என்பதைத் தரகர் முதல் நாளே குரலைத் தாழ்த்தி என்னிடம் சொல்லியிருந்தார். அதையெல்லாம் நான் பார்ப்பதில்லை என்றேன். பார்ப்பதில்லை என்று சொன்னதை அன்றைய பக்கத்தில் எழுதியும் வைத்தேன். உண்மையாகவே பார்க்காதவன் எதற்கு அதை எழுதப் போகிறான்?

ஐப்பசியில் எங்கள் படுக்கையறைச் சுவரில், கூரையை ஒட்டி, உள்ளங்கை அளவுக்கு ஓர் ஈரத்தடம் தெரிந்தது. நேர் மேலே இருப்பது அவர்களுடைய குளியலறை. நான் பென்சிலால் அதன் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டுத் தேதி எழுதினேன். அடுத்த ஞாயிறு இன்னொரு கோடு. தீபாவளி முடிந்தபோது தடம் முறத்தளவு ஆகியிருந்தது. கார்த்திகையில் பெயிண்ட் உப்பி, விரல் பட்டாலே உதிர்ந்தது.

என் மனைவி சுவரைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மொண்டு மொண்டு ஊத்தறாங்க போல. பம்புசெட்டுல குளிச்ச ஜனங்க. பாத்ரூமுல எப்படிக் குளிக்கணும்னு எங்க தெரியும்."

அப்படிப் பேசாதே என்றேன். பம்புசெட்டில் குளித்து வளர்ந்தவன் நானும்தான். ஆனால் நாட்குறிப்பில் நான் எழுதியது இது: 'மேல் வீட்டில் தண்ணீரின் முறையற்ற உபயோகம்.' அவர் சொன்னதும் நான் எழுதியதும் ஒன்றுதான். என்னுடையது இஸ்திரி போட்டிருந்தது.

மாடியேறிப் போய்ச் சொன்னேன். அந்த அம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டார். அவர்கள் ஷவரைத் திறப்பதே இல்லை, வாளியில்தான் குளிக்கிறார்கள் என்றார். பிறகு ஒன்று சொன்னார். "சுவத்துக்குள்ள ஏதோ சத்தம் வருதுங்க சார். எல்லாம் அடங்கினப்பறம் காதை வச்சா, உஸ்ஸுன்னு கேக்குது. ஒரு தடவை வந்து பாருங்க சார்."

நான் உள்ளே போகவில்லை. அடுத்தவர் குளியலறைக்குள் போவது மரியாதை இல்லை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அவர் கணவர் தானே ஒரு பிளம்பரைக் கூட்டி வந்து காட்டட்டுமா என்று பணிவாகக் கேட்டார். என் வீட்டுச் சுவருக்குள் இருக்கும் குழாயை வெளியாள் தொடக் கூடாது, ஒவ்வொன்றும் நான் கூட நின்று போட்டது என்றேன். இனி ஆளுக்கு ஒரு வாளி, துணி துவைப்பது மொட்டை மாடியில் என்று விதி போட்டுவிட்டு இறங்கினேன்.

ஒரு நாள் காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு மேலே தண்ணீர் விழும் சத்தம் நீண்டுகொண்டே போவதாக எனக்குத் தோன்றியது. மொட்டை மாடிக்குப் போய் மேல் வீட்டுக்கான வால்வை மூடினேன். உள்ளே குளித்துக்கொண்டிருந்தது அவர்களுடைய மகள். தலையில் ஷாம்பு. அவளுடைய அம்மா கீழே ஓடி வந்து எங்கள் வாசல் குழாயில் ஒரு குடம் பிடித்துக்கொண்டு படியேறினார். ஏறும்போது என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்தப் பெண் ஐந்து மணிக்கே சத்தம் வராமல் குளிக்க ஆரம்பித்தாள். 'மேல் வீட்டில் முன்னேற்றம்' என்று எழுதினேன்.

பொங்கலுக்கு அவர்கள் நான்கு நாள் ஊருக்குப் போனார்கள். திரும்பி வந்த அன்று காலையில் நான் சுவரைப் பார்த்தேன். ஈரத்தின் ஓரம் கடைசிக் கோட்டிலிருந்து இரண்டு விரற்கடை உள்ளே சுருங்கியிருந்தது. நிறமும் வெளுத்திருந்தது. அளவுநாடாவை வைத்து அளந்தேன். அவர்கள் இருந்தால் ஈரம் வளர்கிறது, இல்லாவிட்டால் சுருங்குகிறது. இதைவிட என்ன நிரூபணம் வேண்டும்? மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொன்னேன்.

அந்த அம்மா ஷிப்டிலிருந்து வந்த கையோடு, கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க, எங்கள் வீட்டுக்குள் வந்து நின்றார். "மார்ச் வரைக்கும் மட்டும் இருக்க விடுங்க சார். பொண்ணுக்குப் பப்ளிக். இங்கேர்ந்து நடந்து போய்கினு இருக்கா. கடைசிப் பரீட்சை முடிஞ்ச அன்னைக்கே காலி பண்ணிடறோம்."

அவரைப் படுக்கையறைக்குள் கூப்பிட்டுக் கோடுகளைக் காட்டினேன். நாலு நாள் நீங்கள் இல்லை, என்ன ஆகியிருக்கிறது பாரம்மா என்றேன். அவர் அதை நெடுநேரம் பார்த்தார். என் தொழிற்சாலையில் பரிசோதனை மேசையில் இருப்பவர்கள் ஒரு பாகத்தைப் பார்ப்பது போல இருந்தது அந்தப் பார்வை.

"நாங்க ஊருக்குப் போனா நீங்க மேல வால்வை மூடிடுவீங்கல்ல சார்? வந்து கேட்டாத்தானே தொறப்பீங்க. அப்ப, நாங்களும் இல்ல, பைப்புல தண்ணியும் இல்ல. எதனால காஞ்சுதுன்னு எப்படிச் சொல்லுவீங்க? எங்க லைன்ல ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனா, ஆளை மாத்தி ஒரு தடவை பாப்பாங்க. மெஷினை மாத்தி ஒரு தடவை பாப்பாங்க. ரெண்டையும் ஒண்ணா மாத்த மாட்டாங்க சார்."

இருபத்தாறு ஆண்டுகளாக நான் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடம் அது. அந்த நாலு நாளில் வால்வை மூடியதும் என் நாட்குறிப்பில் இருக்கிறது. 'மேல் வீட்டார் ஊருக்கு. வால்வு மூடப்பட்டது.' இரண்டும் ஒரே வரியில்.

நான் சொன்னது, "எனக்கே குவாலிட்டி சொல்லித் தரியா?" அவர் கழுத்து அட்டையைக் கழற்றியபடி மாடிக்குப் போனார். அவர் கேட்ட கேள்வியை அன்றைய பக்கத்தில் நான் எழுதவில்லை.

எதிர் வீட்டின் மாடி அப்போது காலியாக இருந்தது. பள்ளிக்கு அதே தூரம். அவர்கள் போய்க் கேட்டிருக்கிறார்கள். எதிர் வீட்டுக்காரர் தளி ரோட்டுப் பக்கம் நிலம் உள்ளவர், எங்கள் உறவு வட்டத்துக்கு அருகில் இருப்பவர். தெருவில் என்னை நிறுத்தி, ஆட்கள் எப்படி என்று விசாரித்தார். நான் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: "ஆளுங்க நல்லவங்கதான். தண்ணி உபயோகம்தான் முறையில்ல." பொய் சொல்லவில்லை, நான் நம்பியதை மிகைப்படுத்தாமல் சொன்னேன் என்று அப்போது நினைத்தேன். வீடு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. தேடித் தேடிக் கடைசியில் ஜூஜூவாடிக்கு அந்தப்புறம், மாநில எல்லையை ஒட்டி, வரிசையாகக் கட்டிய ஒற்றை அறைகளில் ஒன்றுக்குப் போனார்கள். அந்தப் பெண்ணுக்குப் பள்ளி இரண்டு பஸ் தூரமாயிற்று.

அவர்கள் போனதும் மூடியிருந்த வால்வை, வீட்டைக் கழுவி விடுவதற்காகத் திறந்தேன். அடுத்து வெள்ளையடிப்பவருக்கும் தண்ணீர் வேண்டும் என்று திறந்தபடியே விட்டேன். ஐந்தாம் நாள் ஈரம் பழைய கோட்டைத் தொட்டது. எட்டாம் நாள் தாண்டியது. பத்தாம் நாள் சொட்டியது. நான் சுவரையும் காலி வீட்டின் பூட்டையும் மாறி மாறிப் பார்த்தேன்.

தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பிளம்பர் வந்தார். ஐம்பதைத் தொட்டவர், அதிகம் பேசாதவர். வந்ததும் ஷவர் சுவரில் காதை வைத்தார். என்னையும் வைக்கச் சொன்னார். உஸ்ஸென்ற சத்தம் தெளிவாகக் கேட்டது. ஷவர் திருகுக்கு ஒரு சாண் கீழே இரண்டு டைல்ஸைக் கட்டரால் சுற்றி அறுத்து, உளியால் நெம்பி எடுத்தார். பின்னால் இருந்த சிமெண்ட் கலவை நனைந்த பிஸ்கட் போல உதிர்ந்தது. குழாய் திரும்பும் இடத்தில் உள்ள எல்போவிலிருந்து நூல் போல் தண்ணீர் பீய்ச்சியது.

வால்வை மூடச் சொல்லிவிட்டு எல்போவைப் பிடித்து லேசாக அசைத்தார். கையோடு வந்துவிட்டது.

"இது ஒட்டவே இல்லீங்க சார். சும்மா சொருகி வச்சிருக்குது." குழாயின் முனையைத் துடைத்துக் காட்டினார். பசை போட்டிருந்தால் முனையைச் சுற்றி மஞ்சளாய் ஒரு வளையம் இருக்குமாம். அந்த முனை கடையில் வாங்கியபடி வெளுப்பாக இருந்தது. பதினோரு வருஷம் எப்படித் தாங்கியது என்று கேட்டேன். பிரஷர் பம்ப் எப்போது வைத்தீர்கள் என்று அவர் திருப்பிக் கேட்டார். ஆவணியில் என்றேன். "அதான். தொட்டித் தண்ணி தானா எறங்கற வரைக்கும் கலவை புடிச்சுகினு இருந்துது. பம்பு தள்ளினதும் கக்கிடுச்சு." மொட்டை மாடித் தொட்டியில் இரண்டு வீட்டுக்கும் பொதுவாகப் பம்ப் வைத்தது எங்களுக்காக. கீழ் வீட்டு ஷவரில் தண்ணீர் வேகமாக விழ வேண்டும் என்று என் மனைவியும் நானும் ஆசைப்பட்டோம்.

பழைய குழாயை நான்கு விரல் அளவு வெட்டி எடுத்தார். முனையின் பிசிரை அரத்தால் ராவித் துணியால் துடைத்தார். புது எல்போவின் உள்ளேயும் குழாயின் வெளியேயும் மஞ்சள் பசையைத் தடவி, சொருகி, கால் சுற்றுத் திருகி, உள்ளுக்குள் எண்ணியபடி அரை நிமிடம் அசையாமல் பிடித்திருந்தார். முழு வேலைக்கும் நாற்பது நிமிடம். நாளை இதே நேரம் வரை தண்ணீரைத் திறந்து பார்க்காமல் சுவரை மூடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலையில் பதினோரு ஆண்டு பழைய நாட்குறிப்பை எடுத்தேன். எதைத் தேட வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. மறந்துவிட்டேன் என்று மற்றவர்கள் சொல்லிக்கொள்ளலாம், எழுதி வைக்கிறவனுக்கு அந்த வசதி இல்லை.

ஓசூரில் வீடு கட்டியவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். அமாவாசை எங்களுக்கு நிறைந்த நாள், தொடங்குவதற்கு ஏற்றது. கன்னடமும் தெலுங்கும் பேசுகிறவர்களுக்கு அது ஆகாத நாள், கருவியையே தொடமாட்டார்கள். ஒரே கட்டடத்தில் பாதிப் பேர் வருவார்கள், பாதிப் பேர் வரமாட்டார்கள். யாரும் அதைப் பெரிதுபடுத்துவதில்லை. ஒருவர் வேலை இன்னொருவர் வேலையின் மேல் ஏறாதபடி பார்த்துக்கொண்டால் போதும். அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் வீட்டுக்காரர்.

வீடு கட்டியபோது குழாய் போட்டவர் ஆனேக்கல்லைச் சேர்ந்த கன்னடக்காரர். அமாவாசைக்கு முதல் நாள் அந்தியில் கடைசி எல்போவை மட்டம் பார்க்கச் சொருகி வைத்துவிட்டு, பசை தீர்ந்துவிட்டது, நாளை அமாவாசை, மறுநாள் வந்து ஒட்டுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். டைல்ஸ் மேஸ்திரி திருவண்ணாமலைக்காரர். அமாவாசையன்று காலையில் அவர் என்னைக் கேட்டார், ஷவர் சுவரிலிருந்து ஆரம்பிக்கட்டுமா என்று. நல்ல நாள், ஆரம்பியுங்கள் என்றேன். கிரகப்பிரவேசத்துக்கு எட்டு நாள்தான் இருந்தது.

மறுநாள் பசை டப்பாவோடு வந்த பிளம்பர் சுவரைப் பார்த்து நின்றுவிட்டார். "பேடா சார், வேணாம், அப்படியே விடாதீங்க. அந்த எல்போ ஒட்டலை. ரெண்டு டைல்ஸ் எடுத்துக் குடுத்தா போதும், பத்து நிமிஷம்." அதே நிறத்தில் உபரி டைல்ஸ் இல்லை. அதைவிட முக்கியமாக, எனக்குக் கோபம். "உன் அமாவாசைக்கு என் சுவத்தை உடைக்கணுமா?" என்றேன். தொட்டியிலிருந்து தண்ணீரைத் திறந்து ஒரு மணி நேரம் வைத்துக் காட்டினேன். ஒரு சொட்டும் வரவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனார். அன்றைய பக்கத்தில் 'கசிவு இல்லை' என்று எழுதி அடிக்கோடு இட்டிருக்கிறேன். அளவுகோல் வைத்துப் போட்ட கோடு.

அடுத்த ஞாயிறு ஜூஜூவாடிக்குப் போனேன். பரீட்சைக்குப் பதினோரு நாள் இருந்தது. வரிசை அறைகளின் முன்னால் லாரிகள் போகும் சாலை. உள்ளே அந்தப் பெண் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். என் குரல் கேட்டதும் நிறுத்தினாள். அவள் அம்மா வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், எல்போ, பசை, அமாவாசை, பம்ப் என்று வரிசையாக. அவர் கை நிற்கவில்லை.

"இப்ப என்னங்க சார் பண்ணணும்?"

திரும்பி வந்துவிடுங்கள் என்றேன். பரீட்சை முடியும் வரை, அதற்குப் பிறகும் எவ்வளவு காலம் வேண்டுமானாலும்.

"வேணாங்க சார். இன்னொரு தடவை மூட்டை கட்டினா அவளுக்குப் படிப்பே மனசுல நிக்காது. அந்த பாத்ரூமுல தண்ணி மோந்தாலே நீங்க எங்க நிக்கறீங்கன்னுதான் காது போகும். பஸ்ஸுலயே போய் எழுதட்டும்."

அவர் வேண்டாம் என்றபோது எனக்கு முதலில் வந்தது நிம்மதி. வெட்கம் பிறகுதான் வந்தது. என் மனைவியிடம் சொல்லிக்கொள்ளாமல்தான் அங்கே போயிருந்தேன். அவர்கள் சரி என்றிருந்தால் வீட்டில் என்ன சொல்வது என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டே போயிருந்தேன்.

கிளம்பும்போது அவர் கூப்பிட்டார். "எதுத்த வீட்டுக்காரரு உங்களைக் கேட்டுத்தானே எங்களுக்கு இல்லைன்னாரு. அவருகிட்ட இதைச் சொல்லுங்க சார். எங்ககிட்ட சொல்லி என்ன ஆவுது. அந்த வீடு கெடைச்சா ஒரு வேளை யோசிப்போம். அது உங்க வீடு இல்லையே." உள்ளே படிக்கும் சத்தம் மறுபடி தொடங்கியது.

அன்று மாலையே எதிர் வீட்டுக்குப் போனேன். அவர் வீட்டு வாசல் கேட்டுக்கு முன்னால் ஹோஸ் பிடித்துத் தெருப் புழுதிக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். நடந்ததை முழுதும் சொன்னேன். தப்பு குழாயில், குழாயின் தப்பு என்னுடையது, அவர்கள் தண்ணீரை முறையாகத்தான் செலவழித்தார்கள், நான் உங்களிடம் சொன்னது தவறு, மாடியை அவர்களுக்குக் கொடுக்கலாம் என்றேன். அவர் சிரித்த முகத்தோடு கேட்டார்.

"பைப்பு சரியாயிடுச்சில்ல? அப்பறம் என்ன, விடுங்க."

நான் தண்ணீரைப் பற்றிச் சொன்னதால்தானே மறுத்தீர்கள் என்றேன்.

"என்னங்க நீங்க. தண்ணிக்கா நான் வேணாம்னேன்? அவங்க யாருன்னு நீங்க ஒடைச்சு சொல்ல முடியாது, அதான் தண்ணின்னு சொல்றீங்கன்னு நெனைச்சேன். நம்மளுக்குள்ள இது புரியாதா?"

அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் சொன்னால் கேட்டுக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தார். சரி என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்தேன். அவர் வீட்டு மாடி அப்போதும் காலியாகத்தான் இருந்தது.